நாலாம் ரக எண்ணெய்

"எர்க்கி! என் மீனெல்லாம் எங்க?"

குரல் நிலவறையிலிருந்து வந்தது. எர்க்கி செய்தித்தாளை முகத்துக்கு நெருக்கமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"பின்வாசல் படியில வெச்சிருக்கேன். ஃப்ரீசரை விட வெளியதானே குளிர் ஜாஸ்தி!"

"மீன் இருந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

"எல்லா ரகத்துலயும் கொஞ்சம்."

ஐலா மேலே வந்து பின்கதவைத் திறந்தாள். படியில் மீன் சுற்றியிருந்த காகிதம் மட்டும் கிடந்தது. வேலியின் மேல் நான்கைந்து அண்டங்காக்கைகள் நகரக்கூட முடியாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தன. இலையுதிர் காலம் முழுக்க அவளும் அவள் அண்ணன் வெய்க்கோவும் ஏரியில் வலைபோட்டுப் பிடித்த மீன் அது. ஐலா கதவைச் சாத்திவிட்டு, கணவனின் முகத்திலிருந்து செய்தித்தாளை மெதுவாக உருவினாள்.

"கைசா கல்யாணத்துக்காகத்தானே எல்லாம் பண்றேன்?" என்றார் எர்க்கி, அவள் வாயைத் திறப்பதற்குள்.

அது உண்மைதான். அந்த வீட்டில் நடக்கும் எல்லாக் கூத்துக்கும் அந்தக் கல்யாணமே காரணம்.

கைசா அவர்களுடைய ஒரே மகள். கிறிஸ்துமஸ் அன்று அவள் காதலன் சில்வியோ மோதிரத்தை நீட்டினான். இவள் சரி என்றாள். சரி என்ற கையோடு, கல்யாணம் ஜூன் மாதம் கோடைத் திருநாள் அன்று, தாத்தா கட்டிய ஏரிக்கரை வீட்டில்தான் என்றும் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் கரையில் பெரிய தீ மூட்டுவார்கள். அந்தத் தீயின் பக்கத்தில் நின்றுதான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று பால்பல் விழும் வயதிலேயே முடிவு செய்தவள் அவள். எர்க்கியும் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். "வீட்டைப் பத்தி நீ கவலைப்படாதே. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் கவுனுக்கு அளவு குடு."

அந்த வீடு ஐலாவுக்கும் வெய்க்கோவுக்கும் பொது. கோடை வாரங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இந்த வருடம் கோடைத் திருநாள் வாரம் வெய்க்கோவுடைய முறை. அதை அவர் தன்னுடன் தூண்டில் போடும் கூட்டாளிகளுக்கு எப்போதோ கொடுத்துவிட்டார்.

எர்க்கி கேட்ட இடமும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபின்னிஷ் மன்றத்தில், பான்கேக் சாப்பிட ஊரே கூடியிருந்த நேரத்தில், அந்தக் கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது போய்க் கேட்டார். என்ன கேட்கிறார் என்று முழுதாகக் காதில் விழுவதற்குள்ளேயே வெய்க்கோ "முடியாது" என்று சொல்லிவிட்டார். ஒருமுறை முடியாது என்று சொல்லிவிட்டால், பிறகு அவரே நினைத்தாலும் அதை மாற்றிச் சொல்ல வராது. அவர்கள் பரம்பரையே அப்படி. ஐலாவும் அதே ரத்தம்தான் என்பதால் அண்ணனோடு வாதாடிப் பார்க்கக்கூட இல்லை.

எர்க்கிக்கு முகம் தொங்கிப்போயிற்று. மனம் சரியில்லாதபோது அவர் எண்ணெயைப் பற்றிப் பேசுவார். பள்ளிப் பேருந்துகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. மிச்ச நேரமெல்லாம் இணையத்தில் என்ஜின் எண்ணெய்ப் பித்தர்கள் கூடும் இடத்தில்தான் குடியிருப்பு. அன்றும் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் குளிர்ல நாலாம் ரக எண்ணெய் ஊத்தின வண்டி மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும்" என்று முனகினார்.

வெய்க்கோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எண்ணெய்னா எண்ணெய்தான் மச்சான். எல்லாம் ஒரே கிணத்துலதான் வருது."

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"அப்ப பந்தயம் கட்டு. வர்ற கடுங்குளிர்ல ரெண்டு பேர் வண்டியும் ராத்திரி பூரா மன்றத்து வாசல்ல நிக்கட்டும். என்ஜினைச் சூடா வெக்கிற ஹீட்டர் வயரைச் சொருகக் கூடாது. காலையில ஆளுக்கு மூணு தடவை சாவி திருப்பலாம். உன் வண்டி ஸ்டார்ட் ஆகி என்னது ஆகலேன்னா அந்த வாரம் உனக்கு. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டுப் பொண்ணுக்கு வேற இடம் பாரு."

கூட்டாளிகள் மேஜையைத் தட்டினார்கள். பந்தயம் என்றால் பந்தயம், அதில் தோற்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எர்க்கி கை கொடுத்தார். கை கொடுத்த பிறகுதான், தன் வண்டியில் இப்போது என்ன எண்ணெய் இருக்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்று நினைவு வந்தது.

அதனால்தான், எது உறையாது என்று பார்க்க ஃப்ரீசரில் எண்ணெய்.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றார் எர்க்கி, ஐலாவை நிலவறைக்கு அழைத்துப்போய். "டப்பாவுல இருக்கிறதுல முக்கால்வாசி அடி எண்ணெய்தான். மிச்சம் அதுல கலக்குற மருந்து. அந்த அடி எண்ணெய்ல அஞ்சு ரகம். முதல் ரகம், பூமியில எடுத்ததை லேசா சுத்தம் பண்ணினது. மெழுகு அப்படியே இருக்கும். குளிர்ல கல்லா உறையும். ரெண்டாவது கொஞ்சம் தேவலை. மூணாவது, அதையே போட்டு வாட்டி வதக்கி உடைச்சுச் செஞ்சது. நாலாவது, சின்னச் சின்ன மூலக்கூறைக் கோத்துக் கோத்து மனுஷனே கட்டினது. மெழுகுங்கிற பேச்சே கிடையாது. அதுதான் அசல் சிந்தெடிக்."

"நாலாம் ரகம்னா மட்டமில்லையா? முதல் ரகமா வாங்கக் கூடாதா?"

எர்க்கி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதுல முதல் ரகம்தான் மட்டம்!"

"அஞ்சாவது?"

"அது எஸ்டர்னு ஒரு ரசாயன எண்ணெய் மாதிரி. நமக்கெல்லாம் எட்டாது. விமானத்துக்கு ஊத்துறது."

எர்க்கி ஃப்ரீசரைத் திறந்தார். ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒட்டிவைத்த பெயர்ச்சீட்டு ஈரத்தில் கழன்று அடியில் கிடந்தது. எல்லா ஜாடியிலும் ஒரே மஞ்சள். எது எந்த எண்ணெய் என்று அதைப் படைத்தவனுக்குத்தான் தெரியும்.

"பரவாயில்ல. எது வேகமா ஓடுதோ அதுதான் நல்ல எண்ணெய்" என்று சமாளித்தார். ஒவ்வொரு ஜாடியாகச் சாய்த்தார். ஒன்று அசையவே இல்லை. ஒன்று தேன்போல நகர்ந்தது. இன்னும் இரண்டு சுமாராக ஓடின. கடைசி ஜாடியைச் சாய்த்ததும் உள்ளே இருந்தது தண்ணீராய்ப் பாய்ந்தது. எர்க்கிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐலா! எஸ்டர்! எவனோ மூணாம் ரகம்னு சொல்லி எனக்கு எஸ்டரை வித்திருக்கான்!"

அந்த ஜாடியைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறப் போனவரை ஐலா தடுத்தாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். விரலை விட்டு நக்கினாள். பிறகு ஒரு மடக்கே குடித்தாள்.

"ஐயோ, அது எண்ணெய்!"

"இது எங்க அத்தை காட்டு மஞ்சள் பெர்ரிப் பழத்துல ஊறவெச்சுக் குடுத்த மது. கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்சது. இதையா என்ஜின்ல ஊத்தப் போனே?"

எர்க்கி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊத்தியிருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கும்" என்றாள் ஐலா, இன்னொரு மடக்கு குடித்து. "பாட்டுப் பாடிக்கிட்டே போயிருக்கும்."

மறுநாள் எர்க்கி வாகன உதிரிபாகக் கடைக்குப் போனார். கல்லாவுக்குப் பின்னால் டார்லீன் வழக்கம்போலக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிர்வதற்குள் எர்க்கி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதோட அடி எண்ணெய் என்ன ரகம்?"

அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "முழு சிந்தெடிக்னு போட்டிருக்கு."

"அதை யார் வேணாலும் போடுவான். இந்த நாட்டுல மூணாம் ரகத்தையும் சிந்தெடிக்னுதான் விக்கிறான். மூணா, நாலா? எனக்கு அது தெரியணும்."

"டப்பாவுல அது இல்லையே."

"கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். தொழில் ரகசியமாம்."

டார்லீன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் இந்தக் கிறுக்கு உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது தூசி படிந்த டப்பா ஒன்றைத் தூக்கி வந்தாள். வடக்கே சுரங்கத்து வண்டிகளுக்காக வரவழைத்ததாம். அதன் நெற்றியிலேயே நாலாம் ரகம் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. எர்க்கி அதைக் கைக்குழந்தையைப்போல வாங்கிக்கொண்டார்.

"இது ஒண்ணுதான் இருக்கு. சிந்திடாதீங்க" என்றாள் டார்லீன்.

அவர் சிந்தினார்.

பட்டறைக்குப் போனால் தன் டப்பாவுக்குப் பதில் வேறு எண்ணெயை ஊற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், தானே வாசலில் படுத்து வேலை பார்த்தார். பழைய எண்ணெயை வடித்தார், பழைய ஃபில்டரைக் கழற்றினார், புதிதை மாட்டினார், நாலாம் ரகத்தைச் சொட்டுச் சொட்டாக ரசித்து ஊற்றினார். என்ஜினை ஓட விட்டதும், வண்டிக்கு அடியில் பனி மஞ்சளாக மாறிக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்து வெய்க்கோ வந்து நின்றார். மீன் பிடிக்க, உறைந்த ஏரியில் துளைபோடும் கருவியை இரவல் வாங்க வந்தாராம்.

"நாலாம் ரகம் பிரமாதமா ஓடுது மச்சான்! பக்கத்து வீட்டு வாசலைத் தொட்டுடும்போல!"

"போயிடு வெய்க்கோ. நான் நல்ல மூடுல இல்ல."

வெய்க்கோ சிரித்துக்கொண்டே ஓடிப்போய் என்ஜினை அணைத்தார். பிறகு அந்தப் பருத்த உடம்போடு பனியில் படுத்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "அட மூதேவி. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் என்ஜின்லயே ஒட்டிக்கிட்டிருக்கு. அதுமேலயே புதுசை மாட்டியிருக்கே. ரெண்டு வளையம் இருந்தா ஒழுகாம என்ன செய்யும்?" என்று வளையத்தைப் பிய்த்து எடுத்து எர்க்கியின் மடியில் போட்டார். எழுந்து நின்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "சே, எதிராளிக்கு வேலை பார்த்துக் குடுத்துட்டேனே!"

துளைபோடும் கருவியைக் கேட்க மறந்தே போய்விட்டார்.

பாதி எண்ணெய் போய்விட்டது. குறைந்ததை நிரப்ப, வீட்டு அலமாரியில் மூணாம் ரகம் மட்டும்தான் இருந்தது. எர்க்கி அந்தச் சாதா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

"இதைக் கலந்தா அது சுத்தமான நாலாம் ரகம் இல்ல, ஐலா."

"கலந்தா கெட்டுப்போகுமா?"

"கெடாது. ரெண்டும் ஒத்துப்போகும். ஆனா சுத்தம் போச்சே."

"உன் பொண்ணு ஒரு இத்தாலிக்காரனைக் கட்டிக்கப் போறா. சில்வியோ வாராவாரம் நம்ம சவுனாவுல வந்து நீராவியில வேகுறான். நீ அவங்க அம்மா சுட்ட ரொட்டியை ஒரே மூச்சுல காலி பண்றே. அதெல்லாம் ஒத்துப்போகுது, ரெண்டு எண்ணெய் ஒத்துப்போகாதா? எழுந்து போய் ஊத்து."

எர்க்கி போய் ஊற்றினார். ஊற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. போன நம்பிக்கையை வரவழைக்க, தினமும் காலையில் வயரைச் சொருகாமல் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார். காலையில் கிளம்பினால் மத்தியானம் ஒருமுறை, மத்தியானம் கிளம்பினால் சாயங்காலம் ஒருமுறை. வண்டி ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சோம்பலாகக் கிளம்பியது. எண்ணெயில் கலப்படம் செய்த பாவம்தான் என்று எர்க்கி நினைத்தார். என்ஜினுக்கு மேல் ஐலாவின் கம்பளியைப் போர்த்திப் பார்த்தார். கம்பளியில் எண்ணெய்க் கறை படிந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் சாயங்காலம் வெய்க்கோ போனில் வந்தார். "என்ன மச்சான், நாள் பூரா சாவியைத் திருப்பித் திருப்பி விளையாடுறியாமே? ஊரே சிரிக்குது. உன் பேட்டரி கிழடு. இந்நேரம் அது உயிரை விட்டிருக்கும். எண்ணெயைப் பத்தி அவ்ளோ படிச்சியே, பேட்டரியைப் பத்தி ஒரு பக்கமாவது படிச்சியா?"

எர்க்கி போனை வைத்த வேகத்தில் வாசலுக்கு ஓடினார். பேட்டரி உண்மையிலேயே சாகக் கிடந்தது. அன்றைக்கே புதிது வாங்கி மாட்டினார். "கிண்டல் பண்ணியே தோத்துப்போகப் போறான், முட்டாள்" என்று ஐலாவிடம் சொன்னார்.

அண்ணன் போனில் என்ன சொன்னார் என்று ஐலா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு உருளைக்கிழங்கைத் தோல் சீவப் போய்விட்டாள்.

கடுங்குளிர் ஜனவரிக் கடைசியில் வந்தது. முதல் நாள் மாலையே இரண்டு வண்டிகளும் மன்றத்து வாசலில் நின்றன. விடிந்தபோது மைனஸ் முப்பத்தாறு. மூக்கு மயிர் உறையும் குளிரிலும் பாதி ஊர் கையில் காப்பியோடு கூடிவிட்டது. கைசா சில்வியோவின் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். அவள் பார்வையைத் தவிர்க்க எர்க்கி வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். தோற்றால் இந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

எர்க்கி முதலில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. வெய்க்கோ கையைப் பிசைந்தார். "ஒண்ணு போச்சு! மூடியைத் திறந்து பாருய்யா, புது பேட்டரியில கம்பியை முறுக்கினியா இல்லியா?"

முறுக்கவில்லை. எர்க்கி முறுக்கிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை என்ஜின் சுற்றியது, இருமியது, விட்டுவிட்டது. கைசா கண்ணை மூடிக்கொண்டாள்.

எர்க்கி மூன்றாம் தடவைக்குச் சாவியில் கைவைத்தபோது, வெய்க்கோ கத்திக்கொண்டே ஓடி வந்தார். "நில்லு! விளக்கு எரியுது, விசிறி ஓடுது, கேட்டா இவனுக்கு எண்ணெய் ஞானமாம்! எல்லாத்தையும் அணைச்சுட்டுத் திருப்பு. அப்புறம் ஏமாத்திட்டேன்னு அழாதே!"

எர்க்கி எல்லாவற்றையும் அணைத்தார். சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரு தடவை முனகியது, இரண்டாவது முனகலில் பற்றிக்கொண்டது. வெள்ளைப் புகை மன்றத்து ஜன்னல்களை மூடியது. கைசா போட்ட கூச்சலில் மரத்திலிருந்து பனி உதிர்ந்தது.

இப்போது வெய்க்கோவின் முறை. அவர் நிதானமாக உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கன்று போட முடியாத மாடுபோல ஓர் ஓலம் வந்தது. இரண்டாம் தடவை அதுவும் குறைந்தது. மூன்றாம் தடவை ஒன்றுமே இல்லை. வெய்க்கோ இறங்கி வந்து தொப்பியைக் கழற்றிப் பனியில் ஓங்கி அடித்தார்.

"எடுத்துக்கோ மச்சான். அந்த வாரம் உன்னோடது. பந்தயம்னா பந்தயம்." கூட்டாளிகள் பக்கம் திரும்பி, "நாம ஜூலையில போவோம்டா. என்ன செய்யிறது, தோத்துட்டேன்" என்றார்.

கைசா ஓடிவந்து முதலில் அப்பாவையும் பிறகு மாமாவையும் கட்டிக்கொண்டாள். எர்க்கி உச்சி குளிர்ந்துபோய், மெழுகு, மூலக்கூறு, அடி எண்ணெய் என்று வெய்க்கோவுக்கு நீளமாகப் பாடம் எடுத்தார். வெய்க்கோ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், "அப்படியா? ஓஹோ!" என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார். எர்க்கி அவர் வண்டியின் எண்ணெய் அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்கப் போனபோது மட்டும், "கையை எடு!" என்று பாய்ந்து மூடியைச் சாத்தினார். தோற்றவனுக்குக் கோபம் இருக்கத்தானே செய்யும் என்று எர்க்கி பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

அந்தப் பெருந்தன்மை வாரக் கடைசி வரை நீடித்தது. மச்சானுக்குச் சமாதானமாக ஒரு டப்பா நாலாம் ரகம் பரிசளிக்கலாம் என்று உதிரிபாகக் கடைக்குப் போனார். ஐலா சுட்ட ஏலக்காய் ரொட்டி ஒன்றை டார்லீனுக்கும் கொண்டுபோனார்.

"வடக்கத்தி டப்பா இன்னொண்ணு வரவழைச்சுக் குடு டார்லீன். வெய்க்கோவுக்கு. பாவம், அவனுக்கு எண்ணெயைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

டார்லீன் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாருக்கு, உங்க மச்சானுக்கா? நீங்க வந்ததுக்கு முந்தின நாள் அரை நாள் இங்கதான் உட்கார்ந்திருந்தாரு. அஞ்சு ரகத்தையும் பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டாரு. கடைசியில, குளிர்ல எது கல்லாட்டம் உறையுமோ அதுதான் வேணும்னு, புல் வெட்டுற மெஷினுக்கு ஊத்துற முதல் ரகம் கெட்டி எண்ணெயைத் தேடி வாங்கிட்டுப் போனாரு. எதுக்குன்னு கேட்டேன், தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு மொய்யின்னாரு."